நாட்டுப்புறத்தில் புது வீடு: முதல் ஆண்டில் எழும் கேள்விகள்

ஊர் எல்லையைத் தாண்டி, சுற்றிலும் வயலோ தோப்போ வெட்டவெளியோ இருக்கும் இடத்தில் புது வீடு கட்டிக் குடியேறியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் ஒரு பிடிவாதம் தென்படும். சாவி கைக்கு வந்த நாளில் வீடு முடிந்துவிடுவதில்லை. அது இன்னும் உலர்ந்துகொண்டும் மண்ணில் அமர்ந்துகொண்டும் இருக்கிறது. ஆகவே கையில் மிச்சமிருக்கும் பணத்தையும் பொறுமையையும் முதலில் தண்ணீர், வடிகால், மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் செலவிடச் சொல்கிறேன். திரைச்சீலையும் அலங்கார விளக்கும் ஓராண்டு தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.

கட்டி முடித்த கையோடு குடியேறலாமா? வீடு காய வேண்டும் என்கிறார்களே?

குடியேறலாம். ஆனால் கான்கிரீட் இறுகுவதும் வீடு காய்வதும் ஒன்றல்ல. சிமென்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. அதனால்தான் கட்டும்போது நாள் தவறாமல் தண்ணீர் விட்டு நனைக்கிறார்கள். அதன் வலிமையை 28 நாள் கணக்கில் சோதிப்பது வழக்கம். அந்த வினைக்குச் செலவானது போக மிஞ்சிய தண்ணீர் தளத்திலும் பூச்சிலும் சுவரிலும் தங்கிவிடுகிறது. நடுத்தர அளவு வீடு ஒன்றில் இது ஆயிரக்கணக்கான லிட்டர். முழுவதும் வெளியேறப் பல மாதங்கள் பிடிக்கும். தரைப்பூச்சுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: நல்ல காற்றோட்டத்தில், 50 மில்லிமீட்டர் கனம் வரை, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள். அதைவிடக் கனமானால் இன்னும் மெதுவாகத்தான் உலரும்.

தரை காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு முழ அகலத்தில் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் சிமென்ட் கருத்திருந்தாலோ, மரத்தளமோ வினைலோ ஒட்டுவதற்கு இன்னும் காலம் வரவில்லை.

அதுவரை வாழ்வதற்குத் தடையில்லை. அலமாரிகளையும் கட்டில் தலைப்பலகையையும் வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று ஓட விடுங்கள். மழை பிடித்திருக்கும் நாளில் அப்படித் திறப்பதால் பெரிய பயன் இல்லை, வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். வெயில் ஏறிய பின் திறப்பதுதான் கணக்கு. முதல் ஆண்டில் சுவருக்கு எண்ணெய் பெயின்டும் சுவர்த்தாளும் வேண்டாம். இரண்டும் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். பிறகு அது கொப்புளமாக வெளியே வரும்.

சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. பூஞ்சையா?

பெரும்பாலும் உப்பு. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் மணலிலும் இருந்த உப்பை, வெளியேறும் ஈரம் கரைத்துக்கொண்டு வந்து மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகிறது. ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பு கரையும், பூஞ்சை கரையாது. உலர்ந்த தூரிகையால் தேய்த்துப் பெருக்கி அள்ளிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் அதே உப்பு மறுபடி கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். புது வீட்டில் இது சில மாதங்களில் குறைந்து நின்றுவிட வேண்டும். ஓராண்டு கழிந்தும் ஒரே இடத்தில், அதுவும் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குள் தொடர்ந்தால், அது கட்டுமான ஈரம் அல்ல; நிலத்திலிருந்து ஏறுகிறது அல்லது எங்கோ குழாய் கசிகிறது.

விரிசல் விழுந்திருக்கிறது. வீடு இடிந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை.

விரிசல் விழாத புது வீடு கிடையாது. எந்த விரிசல் என்பதுதான் கேள்வி.

பூச்சில் முடி போல, சிலந்தி வலை போலப் பரவுபவை பூச்சு சுருங்குவதால் வருபவை. அடுத்த பெயின்ட் அடிக்கும்போது பட்டி பார்த்து மறைத்துவிடலாம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவது, இரண்டு பொருளும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கை வாட்டில் ஓடுவதும் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது. இவற்றால் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் மெல்லியதாகவும் மறுமுனையில் அகன்றும் போவது. சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது. விரிசலின் ஒரு கரை மறுகரையைவிட வெளியே தள்ளி நிற்பது. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது. இவை அடித்தளம் ஒரே சீராக அமரவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். கூரைத் தளத்தின் அடியில் கம்பி ஓடும் வாட்டில் கோடு விழுந்து, பழுப்புக் கறையும் சேர்ந்திருந்தால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது என்று பொருள்.

அகலத்தைவிட முக்கியம், விரிசல் வளர்கிறதா நின்றுவிட்டதா என்பது. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில், நுண்ணோக்கிக்கு வைப்பது போன்ற மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு ஓரங்களையும் பசையால் இறுக ஒட்டிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி பட்டென்று வெடிக்கும். மழைக்காலம் ஒன்று, வெயில்காலம் ஒன்று கடந்தும் கண்ணாடி முழுதாக இருந்தால் அடைத்துவிடலாம். வெடித்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். கட்டிய மேஸ்திரியையே கேட்டால் “ஒன்றும் ஆகாது” என்றுதான் சொல்வார். வேறு பதிலை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கதவு நிலையில் இறுகுகிறது. இழைத்துவிடலாமா?

ஓராண்டு பொறுங்கள். மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும்; அதுவும் நீளவாட்டில் அல்ல, அகலவாட்டில். மழைக்காலத்தில் இழைத்துத் தள்ளினால் வெயில்காலத்தில் அந்த இடைவெளி வழியாகப் பல்லி வரும். இப்போதைக்குக் கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வார்னிஷ் பூசப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணில் படாத விளிம்புகள் என்பதால் அங்கே பூசாமல் விடுவது வாடிக்கை; ஈரம் குடிப்பதும் அந்த வழியாகத்தான்.

கிணற்றுத் தண்ணீர் பளிங்கு போல இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

சோதிக்காமல் கூடாது. தண்ணீரில் கெடுதலானவற்றில் பல கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாதவை. கலங்கலாக, துருநிறமாக வரும் தண்ணீரைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள்; ஆனால் இரும்பு கலந்த அந்தத் தண்ணீர் துணியைக் கெடுக்கும் அளவுக்கு உடலைக் கெடுப்பதில்லை. ஆர்சனிக்கும் புளோரைடும் நைட்ரேட்டும் கலந்த தண்ணீர்தான் பளிச்சென்று இருக்கும்.

புதிதாகத் தோண்டிய கிணறோ ஆழ்துளைக் கிணறோ, வேலை நடந்தபோது மண்ணும் கருவிகளின் அழுக்கும் உள்ளே போயிருக்கும். ஒருமுறை குளோரின் இட்டு ஊறவிட்டு, வாடை போகும் வரை இறைத்துக் கொட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குள் போகக் கூடாது. ஒரு வாரமாவது கழித்து, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் மாதிரி எடுத்து, குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

அறிக்கை வந்ததும் பார்க்க வேண்டியவை இவை. ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவுகளின்படி லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், புளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம் என்பவை மேல்வரம்பு. விளைநிலத்தை ஒட்டிய வீடு என்றால் நைட்ரேட்டை விட்டுவிடாமல் கேளுங்கள். உரமும் மாட்டுக் கொட்டகைக் கழிவும் மழையோடு இறங்கி நிலத்தடி நீரில் சேரும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. அதிக நைட்ரேட் குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும்.

“கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்” என்பது பலரும் சொல்லும் சமாதானம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட், புளோரைடு, ஆர்சனிக் எதுவும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அவற்றின் செறிவு ஏறத்தான் செய்யும். எந்த வடிகட்டி வாங்குவது என்பதை அறிக்கையைப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள், விற்பவர் பேச்சைக் கேட்டு அல்ல. கிருமிக்குப் புற ஊதா விளக்கு போதும். கரைந்த உப்புக்கு அது எதுவும் செய்யாது.

ஒருமுறை சோதித்ததோடு விடாமல், பெருமழைக்குப் பின் இன்னொரு முறை பாருங்கள். கோடையில் எடுத்த மாதிரியும் மழை முடிந்து எடுத்த மாதிரியும் ஒரே கிணற்றில் வெவ்வேறு கதை சொல்லும்.

செப்டிக் டேங்கில் எதையாவது போட்டுத் தொடங்க வேண்டுமா?

தண்ணீரை மட்டும். வெறும் தொட்டியாக விடாமல் வெளிக்குழாய் மட்டம் வரை நல்ல தண்ணீர் நிரப்பித் தொடங்குவது நல்லது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில், காலியான பிளாஸ்டிக் தொட்டி மண்ணிலிருந்து மிதந்து கிளம்பியதும் உண்டு. கிருமிகளைப் பொட்டலம் கட்டி விற்பார்கள், தேவையில்லை. வேண்டிய பாக்டீரியா மனிதக் கழிவோடு தானாகவே வந்து சேரும்.

உள்ளே நடப்பது மிக எளிமையான வேலை. கனமானது அடியில் தங்குகிறது, எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது, நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறி மண்ணில் இறங்குகிறது. அடியில் தங்கியதைக் காற்று தேவைப்படாத பாக்டீரியாக்கள் மெதுவாகத் தின்கின்றன. இந்த அமைதியைக் கெடுப்பவை மூன்று: சமையல் எண்ணெய், புட்டிக்கணக்கில் கொட்டும் கிருமிநாசினி, ஒரே நாளில் பாய்ச்சும் ஏராளமான தண்ணீர். மொட்டைமாடி மழைநீர்க் குழாயை இதில் இணைத்திருந்தால் முதல் வேலையாகப் பிரித்துவிடுங்கள். ஈரத்துடைப்பான், நாப்கின், டயப்பர் எதுவும் கழிப்பறையில் போடக் கூடாது, உறையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

குடிநீர்க் கிணற்றுக்கும் இதற்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி என்பது பரவலான விதி. கழிவுநீர் மண்ணில் இறங்கும் பகுதிக்கு 30 மீட்டர் கிடைத்தால் நிம்மதி. உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து நிலத்துக்காரரின் கிணறும் கணக்கில் சேரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதன்மேல் தோட்டம் போட்டவர்கள் அன்றைக்குத்தான் மண்வெட்டி தேடுவார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும், எவ்வளவு காலியாகத் தோன்றினாலும், யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. கூலிக்கு ஆளை இறக்கவும் கூடாது. அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். செறிவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். “நாற்றம் போய்விட்டது” என்று நினைத்து இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே சாகிறார்கள்.

வீட்டுக்குள் நாற்றம் வந்தால் உடனே தொட்டியைக் குறை சொல்ல வேண்டாம். விருந்தினர் அறைக் குளியலறை போலப் புழங்காத இடத்தில் வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் பாதிக்கு மேற்பட்ட புகார்கள் தீர்ந்துவிடும்.

மழைக்காலத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

சுற்றிலும் மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் தரை 15 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். கட்டி முடித்த அன்று அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அடித்தளக் குழியை மூடிய மண் தளர்ந்த மண். இரண்டொரு மழைக்காலத்தில் அது படிந்து, சுவரை ஒட்டியே ஒரு வாய்க்கால் போலப் பள்ளம் விழும். அடித்தளத்துக்குக் குடிநீர் வசதி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

முதல் பெருமழையின்போது உள்ளே உட்கார்ந்து மண்வாசனையை ரசிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள் (இடி இல்லாத மழையாக இருந்தால்). வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தில் மண் எவ்வளவு தூரம் குழிகிறது, தண்ணீர் எந்த மூலையில் தேங்கி நின்று யோசிக்கிறது, மேட்டு நிலத்துத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே நுழைகிறது, ஜன்னல் மேற்கூரையின் அடி விளிம்பில் துளி சொட்டுகிறதா அல்லது சுவரைத் தொட்டு வழிகிறதா என்று பாருங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வெயிலில் இதில் எதுவும் தெரியாது. வடிகால் எங்கே வெட்ட வேண்டும் என்பதை வரைபடத்தைவிட அந்தப் படங்கள் சரியாகக் காட்டும்.

மழைநீர்க் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் சுவரடியில் விழாமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போகுமாறு ஒரு நீட்டுக்குழாய் போடுங்கள். செலவு சொற்பம், முதல் ஆண்டில் செய்யும் வேலைகளில் இதற்கு ஈடு வேறில்லை.

வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. மோட்டார் அடிக்கடி சூடாகிறது.

மின்மாற்றியிலிருந்து கம்பி நீளமாக வரும் கடைசி வீடு உங்களுடையதாக இருக்கும். கம்பி நீள நீள மின்னழுத்தம் குறையும். அது குறைந்தால் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிக மின்னோட்டத்தை இழுக்கும், அதுதான் சூடு. கிளம்பும் நொடியில் மோட்டார் தன் வழக்கமான அளவைப் போல 5 முதல் 7 மடங்கு இழுப்பதால் வீட்டு விளக்குகள் அந்த நொடியில் மங்குவதும் இயல்பு. குறைந்த மின்னழுத்தத்திலும், கிணற்றில் தண்ணீர் இல்லாதபோதும் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு உள்ள ஸ்டார்ட்டரை மாட்டுங்கள்.

அதைவிட அவசரமானது எர்த். எர்த் குழியைச் சுற்றி மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறிவிடும், கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். “போட்டிருக்கிறோம் சார்” என்பது அளவீடு ஆகாது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். தட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பெட்டி.

வெட்டவெளி வீட்டில் மின்னல் ஒரு நிஜமான கவலை. திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் உதவும், எர்த் சரியாக இருந்தால் மட்டும். இடி தூரத்தில் கேட்கும்போதே டிவி, மோடம், கணினி ஆகியவற்றின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது இன்றும் மலிவான பாதுகாப்பு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே போங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருந்தால் அது வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, ஜன்னலுக்கு அடியிலோ ஓடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார்.

பாம்பு வருமா?

எலி வந்தால் வரும். எலி வருவது சிந்திய தானியத்துக்கும், அடுக்கிவைத்த மிச்சச் செங்கல்லுக்கும், சென்ட்ரிங் பலகைக் குவியலுக்கும். கட்டுமான மிச்சத்தை “எதற்காவது ஆகும்” என்று வீட்டோடு ஒட்டிப் போட்டுவைப்பதுதான் பாம்புக்குக் கொடுக்கும் அழைப்பிதழ். கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை போதும், அதாவது ஒரு பென்சில் நுழையும் அளவு. குழாய்களும் கம்பிகளும் சுவரைத் துளைத்து வரும் இடங்களைத் தேடிச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். பாம்பை விரட்டும் பொடி, திரவம் என்று விற்பவற்றில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

இருட்டிய பின் டார்ச் இல்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது என்பதை வீட்டு விதியாக்குங்கள். வெளியே கிடந்த செருப்பைத் தட்டிவிட்டு அணியுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்குவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் அது இருக்கிறது என்பதைக் குடியேறிய வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கையோடு கொண்டுபோக நேரம் செலவழிக்க வேண்டாம்.

புது வீட்டில் கரையான் எப்படி வரும்?

அது புதிதாக வருவதில்லை. நீங்கள்தான் அதன் நிலத்துக்கு வந்திருக்கிறீர்கள். அடித்தளத்தில் மருந்து அடித்திருந்தாலும், பிறகு சுவரடியைத் தோண்டிப் பூச்செடி வைத்தால் அந்த மருந்து வளையம் அறுந்துவிடும். அடிப்பீடம் ஒரு சாணாவது வெளியே தெரியட்டும். மண்ணையோ விறகையோ அதன்மேல் சாய்க்காதீர்கள்.

மாதம் ஒருமுறை அடிப்பீடத்தைச் சுற்றிப் பாருங்கள். பென்சில் கனத்தில், ஈரமண்ணால் பூசிய குழாய் ஒன்று சுவரில் ஏறினால் அது கரையானின் பாதை. வெயிலும் காற்றும் பட்டால் அது உலர்ந்து செத்துவிடும், ஆகவே மூடிய வழியில்தான் நடக்கும். குழாயின் நடுவில் ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் உடைத்துவிட்டு நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடத்தில் புதுமண் ஒட்டி, நிறம் சற்றுக் கருத்துத் தெரிந்தால் உள்ளே ஆள்நடமாட்டம் இருக்கிறது. முழுவதையும் சுரண்டிக் கழுவிவிட்டால் வேறு வழியாக ஏறும். மருந்தடிக்க வருபவருக்கும் தடயம் கிடைக்காது.

விளக்கைப் போட்டால் பூச்சி மொய்க்கிறது.

வெள்ளை, நீல ஒளியை விட்டு மஞ்சள் ஒளி எல்இடிக்கு மாறுங்கள். விளக்கைக் கதவின் தலைக்கு மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி, கதவை நோக்கி வெளிச்சம் விழும்படி வையுங்கள். மழை ஆரம்பிக்கும் நாட்களில் ஈசல் கிளம்பும் மாலையில் ஒரு மணி நேரம் வெளிவிளக்கை அணைத்துவிடுவதே தீர்வு.

புது மரச்சாமான் வாசனை தலைவலி தருகிறது.

பிளைவுட், அழுத்தப் பலகை ஆகியவற்றின் பசையிலிருந்து பார்மால்டிஹைடு வெளியேறுகிறது. சூடும் ஈரமும் கூடினால் இன்னும் அதிகமாக வெளியேறும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பயந்து ஓட வேண்டியதில்லை; மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, கடைசியாக மரவேலை முடிந்த அறையில் குழந்தைகளைப் படுக்க வைக்காமல் இருந்தால் போதும். பலகையின் வெட்டிய விளிம்புகள் ஒட்டாமல் விடப்பட்டிருந்தால் ஒட்டச் சொல்லுங்கள்.

தொட்டிச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது மூடிய சிறு கூண்டில் நடந்த சோதனைகளிலிருந்து கிளம்பிய நம்பிக்கை. வீட்டில் அதே விளைவு வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்துச் செடிகளாவது வேண்டும். பிறகு நமக்கு இடம் இருக்காது.

எதை நட்டாலும் பிழைக்கவில்லை. மண் கெட்டதா?

மண் நசுங்கியிருக்கிறது. லாரியும் ஜேசிபியும் மாதக்கணக்கில் நடந்த இடம். மேல்மண் எங்கோ போய், அடிமண் மேலே வந்திருக்கும். போதாக்குறைக்குக் கலவை கழுவிய தண்ணீரும் பூச்சு மிச்சமும் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கும். சிமென்ட் மண்ணைக் காரமாக்கும். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் செடியின் வேர் மூச்சுத் திணறுகிறது. இடிபாடுகளைப் பொறுக்கி எடுத்து, கடப்பாறையால் ஆழமாகக் கிளறி, தொழுஉரம் சேர்த்து, முதல் பருவத்தில் பயறு வகை எதையாவது விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். ரோஜாவுக்கு அடுத்த ஆண்டு வரட்டும்.

பெரிய மரம் நடுவதாக இருந்தால், வளர்ந்தபின் அது எட்டும் உயரத்துக்கு நிகரான தூரம் வீட்டிலிருந்து தள்ளி நடுங்கள். களிமண் நிலத்தில் இது மிகவும் அவசியம். வேர் நீரை உறிஞ்ச மண் சுருங்கும், மண் சுருங்க அடித்தளம் இறங்கும்.

இரவில் வீடு சத்தம் போடுகிறது.

பகலில் விரிந்த தகரமும் குழாயும் மரச்சட்டமும் இரவில் சுருங்கும் சத்தம் அது. குழாயை மூடியதும் சுவருக்குள் “டம்” என்று கேட்டால் தண்ணீர் திடீரென்று நிற்கும் அதிர்ச்சி. குழாயை இறுக்கப் பிடிக்கும் பிடிப்புகள் தளர்ந்திருக்கும்.

அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பழகுவது?

அந்த மண்ணை அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்கள் பொறியாளருக்குத் தெரியாது. எந்த ஆண்டு எதுவரை வெள்ளம் வந்தது, எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், வண்டிப்பாதை எது என்று கேளுங்கள். நிலத்தை மண் கொட்டி உயர்த்துவதற்கும், வேலி போடுவதற்கும் முன் பேசிவிடுங்கள். நீங்கள் உயர்த்திய மண்ணால் அவர் வயலில் தண்ணீர் தேங்கினால் அந்தப் பகை தலைமுறைக்கும் நிற்கும். சேவலும் டிராக்டரும் விடியலில் சத்தம் போடும், அவை உங்களுக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவை.

கட்டியவரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கேளுங்கள். கொடுத்த பின் அவர் அழைப்பை எடுப்பதே அரிது. பூச்சுக்கு முன் எடுத்த படங்கள், தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் போகும் வழி, செப்டிக் டேங்க் மூடி இருக்கும் இடம், கிணற்றின் ஆழம், மோட்டார் இறக்கிய ஆழம், பெயின்ட் நிறங்களின் எண், மிச்ச டைல்ஸ் ஒரு பெட்டி. படங்கள் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் அழைத்து ஒவ்வொரு சுவருக்கும் ஒரு கைப்படம் வரையச் சொல்லுங்கள், அவர்கள் ஞாபகம் மங்குவதற்குள். சுவரில் ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதம் உதவும்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்குமா?

கைபேசி வரைபடத்தில் உங்கள் வீட்டுப் பாதை இன்னும் ஏறியிருக்காது, அல்லது வண்டி போக முடியாத வரப்பைப் பாதையாகக் காட்டும். ஒரு நண்பரைப் பகலிலும், வேறொருவரை இரவிலும், போனில் வழி கேட்காமல் வரச் சொல்லிப் பாருங்கள். எங்கே தவறித் திரும்புகிறார்களோ அங்கே ஒளி பிரதிபலிக்கும் எழுத்தில் ஒரு பலகை வையுங்கள். வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும், பிரதான சாலையிலிருந்து வரும் வழியையும் நான்கு வரியில் எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டுக்கே வழி சொல்லத் தெரியாமல் போகும். தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்கு நுழைவாயில் அகலமாக இருக்கிறதா, தாழ்ந்து தொங்கும் கம்பியோ கிளையோ வழி மறிக்கிறதா என்றும் பாருங்கள். நெட்வொர்க் கிடைக்கும் மூலை எது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பாட்டிக்கும் பேரனுக்கும் உட்பட.